பத்து நூலகத்துக்கும் ஒரே வாசல்

சந்தாக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயர் இப்போது சம்பளப் பட்டியலில் இருக்கிறது, கணவர் கோபம் வந்தால் சொல்கிறார், அவ்வளவுதான். ஆய்விதழ்ச் சந்தா பார்க்கிறவள் என்பதால் பத்துப் பல்கலைக்கழக நூலகங்களிலும் அவள் சந்தாக்கா. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி "அன்புள்ள சாந்தா அக்கா" என்று கடிதமே எழுதிவிட்டாள். அவளைத் திருத்தப் போனால் அரை நாள் போகும் என்று சந்தாக்கா அப்படியே பதில் போட்டாள். பெயரைவிட அவளுக்கு வேலை முக்கியம். அதுதான் அவளுடைய பெருமை, அவளைக் கெடுத்ததும் அதுதான்.

வேலை இதுதான். ஆய்விதழ்கள் எல்லாம் இப்போது இணையத்தில்தான் வருகின்றன. பல்கலைக்கழகங்கள் தனித்தனியாகப் போய்ச் சந்தா கேட்டால் பதிப்பகத்துக்காரர்கள் ஒவ்வொருவராகப் பிடித்துத் தோலை உரிப்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து போய் நின்றால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். அதற்காகப் பத்து நூலகங்களும் ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தன. கூட்டமைப்பு என்றால் என்னவோ பெரிய கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாம் மாடியில், கிழிந்த புத்தகங்களைப் பசை போட்டு ஒட்டும் அறைக்குப் பின்னால், சாத்தினாலும் மூடாத ஒரு ஜன்னல், ஒரு மேஜை, இரண்டு இரும்பு அலமாரி, சந்தாக்கா. இதுதான் கூட்டமைப்பு. காற்றடித்தால் ஜன்னல் இடுக்கில் மடித்த அட்டையைச் செருகுவது, பதிப்பகங்களோடு மல்லுக்கு நிற்பது, இரண்டும் அவள் பொறுப்பு.

எந்த நூலகத்துக்கு எந்த இதழ் வேண்டும் என்று கேட்டு வாங்கி, ஒன்றாகச் சேர்த்து, பேரம் பேசி, ஒப்பந்தம் போட்டு, அது தினமும் திறக்கிறதா என்று பார்ப்பாள். ஒப்பந்தம் அறுபது பக்கம். கையெழுத்துப் போடுகிறவர்கள்கூட அதைப் படிப்பதில்லை. அவள் படிப்பாள். முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரைக்கும் படித்து, செய்யலாம், செய்யக்கூடாது என்று இரண்டே பக்கத்தில் எளிய மொழியில் எழுதிப் பத்துப் பேருக்கும் அனுப்புவாள். அந்த இரண்டு பக்கத்தையும் அவர்கள் படித்தார்களா என்று கேட்பதை அவள் நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன.

முன்பெல்லாம் ஒவ்வொரு நூலகத்தின் கணினி எண்ணையும் பதிப்பகத்திடம் தனியாகப் பதிய வேண்டும். எங்காவது ஒரு எண் மாறினால் அங்கே இதழ்கள் பூட்டிக்கொள்ளும், இங்கே போன் அலறும். அவள்தான் விடாப்பிடியாக நின்று பொதுவான நுழைவு ஒன்றை ஏற்பாடு செய்தாள். பத்து நூலகத்து வாசகர்களும் அதன் வழியாகவே உள்ளே போவார்கள். பதிப்பகத்தின் கண்ணுக்குப் பத்துப் பேரும் ஒரே ஆள். எங்கிருந்து எத்தனை கட்டுரை திறந்தார்கள் என்று பிரித்துச் சொல்லும் பதிவேடு மட்டும் அவளிடம் இருக்கும். "பத்து நூலகத்துக்கும் ஒரே வாசல்" என்று அவளே சுற்றறிக்கைக்குத் தலைப்புப் போட்டாள். அன்று எல்லோரும் கைதட்டினார்கள்.

பத்தில் கடைசி நூலகம் மலையடியில் இருந்தது. பஸ்ஸில் ஆறு மணி நேரம். கிட்டத்தட்ட ஐம்பது வயதான ஒருவர் அங்கே நூலகர். கூட்டமைப்பில் அவரை மலையடிக்காரர் என்பார்கள். பேச்சில் ஒரு சொல் குறையாது, கூடாது. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிற மனிதர். அப்படிப்பட்டவர்களைப் பார்த்தால் மற்றவர்களுக்குக் கொஞ்சம் இளக்காரம் வரும். சந்தாக்காவுக்கு மட்டும் அவர் மேல் தனி மரியாதை. அவள் அனுப்பும் இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டுச் சந்தேகம் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

மூன்று வருடத்துக்கு முன்பு இணைப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க அவள் அங்கே போனாள். நீளமான தகரக் கூரை ஹால். நான்கு கணினிகள். காற்று பலமாக வீசினால் லைன் போய்விடும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் ஹால் நிறைய மாணவர்கள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். லைனே இல்லாத நாளில் இவர்கள் எதைப் படிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

மலையடிக்காரர் ஒரு பழைய கணினியைத் திறந்து காட்டினார். மாணவர்கள் தங்களுக்கு வேண்டிய கட்டுரையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். லைன் வந்ததும் அவர் ஒவ்வொன்றாகத் திறந்து, இறக்கி, பாடம், வருடம், தலைப்பு என்று பெயரிட்டு அந்தக் கணினியில் வைப்பார். அடுத்து அதே கட்டுரை கேட்டு யார் வந்தாலும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு தடவை திறந்தது நூறு பேருக்குப் போகும். நான்காயிரத்துச் சொச்சம் கட்டுரைகள். பக்கத்திலேயே கையால் எழுதிய பதிவேடு, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல்.

ஒப்பந்தப்படி இது கூடாது. இறக்கிய பிரதி இறக்கியவருக்கு மட்டும்; பொதுவில் சேர்த்து வைக்கக்கூடாது. அறுபது பக்கத்தையும் மனப்பாடமாக வைத்திருந்த சந்தாக்காவுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் அந்தப் பதிவேட்டைப் புரட்டப் புரட்ட அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருபத்தைந்து வருடமாக அவள் வாங்கிக் குவித்ததையெல்லாம் யாரோ உண்மையாகவே படிக்கிறார்கள் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தாள்.

"இதை யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க தம்பி. நானும் பாக்கல" என்றாள்.

"தப்புன்னா நிறுத்திடறேன் அக்கா."

"நான்தான் பாக்கலன்னு சொல்றேன்ல."

அவர் தலையாட்டினார். அவள் சொன்னதால் தொடர்ந்து செய்தார்.

இந்த வருடம் சந்தா புதுப்பிக்கிற பருவத்தில் வழக்கமான கூட்டம் நடந்தது. தலைமை தாங்கியவர் பெரிய நூலகர், அதாவது பெரிய பல்கலைக்கழகத்தின் தலைமை நூலகர். ஆள் கெட்டவர் இல்லை. எதையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் யோசிக்கப் பிடிக்காது, அவ்வளவுதான். எண்ணிக்கைத் தாளை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"வருஷத்துக்கு ரெண்டாயிரம் தடவை கூடத் திறக்காத நூலகத்தை அடுத்த வருஷம் கூட்டமைப்புல வெச்சுக்கிட்டு என்ன பண்றது? நிறுத்திடலாம். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

மற்ற நூலகர்கள் தாளை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். அவரவர் எண் ஐயாயிரம், பன்னிரண்டாயிரம் என்று நிம்மதியாக இருந்தது. இரண்டாயிரத்துக்குக் கீழே ஒன்றே ஒன்றுதான். மலையடி, அறுநூற்றுப் பன்னிரண்டு. சம்பந்தப்பட்டவர் கூட்டத்தில் போன் வழியாகக் கலந்துகொண்டிருந்தார். சரியாக அந்த நேரத்தில் அங்கே லைன் போய், போனில் கொர்ரென்ற சத்தம் மட்டும் கேட்டது. ஒருவர் கை நீட்டி அதை அணைத்தார்.

சந்தாக்கா வாயைத் திறந்தாள். "அங்க லைன் சரியில்ல சார். எண்ணிக்கையை மட்டும் வெச்சு முடிவு பண்ணினா..."

"எண்ணிக்கையை வெச்சுத்தான் முடிவு பண்ணணும்னு சட்டம் போட்டதே நீங்கதானம்மா" என்றார் அவர் சிரித்துக்கொண்டே.

உண்மைதான். செல்வாக்குள்ள பேராசிரியர்கள் தங்களுக்குப் பிடித்த இதழ்களை எல்லோர் தலையிலும் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், எத்தனை பேர் திறந்தார்கள் என்று பார்த்து வாங்குவோம் என்று சண்டை போட்டவள் அவள். இப்போது என்ன சொல்வாள்? அங்கே ஒரு தடவை திறந்தால் நூறு பேர் படிக்கிறார்கள் என்றால், எப்படி என்று கேட்பார்கள். சேர்த்து வைத்திருக்கிறார் என்றால் அது கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். குறிப்பின் ஒரு பிரதி பதிப்பகத்துக்குப் போகும். மலையடியைக் காப்பாற்றக்கூடிய ஒரே உண்மை மலையடிக்காரரை மாட்டிவிடும். 

"வருஷக் கடைசி வரைக்கும் டைம் குடுங்க சார். ஏறிடும்" என்றாள்.

"குடுத்தாச்சு. தாண்டினா இருக்கட்டும், தாண்டலன்னா எடுத்துடலாம்." ஐந்து நிமிடம் ஆகவில்லை.

மலையடி வெளியே போனால் அந்தத் தகர ஹாலில் படிப்பவர்களுக்கு வேறு கதியே இல்லை. அடுத்த ஆய்விதழை அவர்கள் கண்ணால் பார்க்க ஆறு மணி நேரம் பஸ்ஸில் வர வேண்டும். மாடி ஏறி அறைக்கு வந்ததும் சந்தாக்கா அவருக்குப் போன் போட்டாள். அதற்குள் அங்கே லைன் வந்திருந்தது.

"தம்பி, வருஷக் கடைசிக்குள்ள உங்க எண்ணிக்கை ரெண்டாயிரத்தைத் தாண்டணும்."

"இப்ப எவ்வளவு இருக்கு அக்கா?"

"அறுநூத்திப் பன்னெண்டு."

"படிக்கறது அதுக்கு மேல பல மடங்கு இருக்குமே."

"படிக்கறதை யாரு எண்ணறாங்க? திறக்கறதைத்தான் எண்ணறாங்க."

அவர் கேட்டார்: "எல்லாத்தையும்தான் எடுத்து வெச்சிருக்கோமே. பசங்க புதுசா என்னத்தைத் திறப்பாங்க?"

வெளியே பசை போடும் அறையில் பதிப்பகப் பிரதிநிதி ஒருவர் அரை மணியாகக் காத்திருந்தார். சந்தாக்காவுக்கு அவசரம். "எதை வேணா திறங்க தம்பி. யாரு வேணா திறங்க. எண்ணிக்கை வந்தாப் போதும்."

"சரி அக்கா."

ஒப்பந்தத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு விதி உண்டு. ஒரே இடத்திலிருந்து, குறுகிய நேரத்தில், வரிசையாக நிறையக் கட்டுரைகளை இறக்கினால் அது படிப்பு அல்ல, கொள்ளை என்று எடுத்துக்கொள்ளப்படும். அவள் அதைச் சொல்லவில்லை. இரண்டு மாதம் இருக்கிறதே, ஒரு நாளைக்கு இருபது முப்பது என்று மெல்லத் திறப்பார் என்று அவள் நினைத்தாள். மற்ற எதுவுமே அவள் நினைக்கவில்லை. உள்ளே வந்த பிரதிநிதியிடம் அரை மணி நேரம் சளைக்காமல் பேரம் பேசினாள்.

மலையடியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் இரண்டு வாரம் இல்லை, ஏழு வாரம் லைன் இல்லை. கம்பத்தைச் சரிசெய்ய வந்தவர்கள் கம்பத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கடைசியில் லைன் வந்தபோது வருடம் முடிய ஒன்பது நாள் இருந்தது. இந்த லைன் நாளைக்கு இருக்குமா என்று மலையடிக்காரருக்கு நம்பிக்கை இல்லை. மாணவர்களை இதில் இழுக்கவும் அவருக்கு மனசில்லை. காலை ஒன்பது மணிக்குத் தானே கணினி முன்னால் உட்கார்ந்தார்.

திறந்ததையே திறந்தால் எண்ணிக்கையில் சேராமல் போய்விடுமோ என்று அவருக்கு ஒரு பயம். அதனால் ஓர் இதழை எடுத்துக்கொண்டு முதல் தொகுதி, முதல் கட்டுரையில் ஆரம்பித்து ஒழுங்காக வரிசைப்படி போனார். இருபது வினாடிக்கு ஒன்று. சாப்பாட்டை மேஜைக்கே கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு கட்டுரையையும் தாளில் கோடு போட்டு எண்ணினார். சோம்பேறி ஒருவன் இந்த வேலையைச் செய்திருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்து, நடுவில் டீ குடிக்கப் போய், மாட்டாமல் தப்பித்திருப்பான். இவர் நூலகர். ஒரு இலக்கம் விடாமல் வரிசையாகச் செய்தார். மாலை ஐந்து மணிக்குள் ஆயிரத்து முந்நூற்று எண்பத்தொன்பது.

மறுநாள் காலையில் சந்தாக்கா வீட்டில் தலை வாரிக்கொண்டிருந்தபோது மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மகள் பெரிய பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. நான்கு நாளில் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். கடைசி அத்தியாயம் பாக்கி.

"அம்மா, ஒண்ணுமே திறக்க மாட்டேங்குது. என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

திரையில் இரண்டு வரி இருந்தது. உங்கள் நிறுவனத்தின் அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, பொறுப்பாளரை அணுகவும். பொறுப்பாளர் ஒரு பக்கம் பின்னிய தலையோடு நின்றுகொண்டிருந்தாள். அதற்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. முதலில் ஒரு நூலகம், அப்புறம் இன்னொன்று, அப்புறம் வரிசையாக ஒன்பது. பதிப்பகத்தின் கண்ணுக்குப் பத்துப் பேரும் ஒரே ஆள்தானே. ஒருவர் செய்ததற்குப் பத்துப் பேருக்கும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அலுவலகத்தில் பதிப்பகத்தின் கடிதம் வந்து கிடந்தது. செய்தது யார், எதற்காகச் செய்தார், அவர் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்தால் திறப்போம். கீழே இன்னொரு பத்தி: இது கூட்டமைப்பு அலுவலகத்துக்குத் தெரிந்தே நடந்திருந்தால் ஒப்பந்தம் முழுவதும் ரத்தாகும்.

அவள் பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். மலையடி, ஒரே நாளில் ஆயிரத்து முந்நூற்று எண்பத்தொன்பது. "ஐயோ, இப்படியா பண்ணுவாரு" என்று வாய்விட்டுச் சொன்னாள். எப்படிப் பண்ணுவார் என்று அவள்தான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

பெரிய நூலகர் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தார். அந்த அறைக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"யாருன்னு தெரிஞ்சுதா? அப்புறம் என்ன? எழுதுங்க. தனிப்பட்ட ஆள் பண்ணின தப்பு, எங்களுக்குச் சம்பந்தமில்ல, வேலையை விட்டு நிறுத்தியாச்சு. ரெண்டு வரிம்மா. எங்க துணைவேந்தர் மூணு தடவை கூப்பிட்டுட்டாரு."

"ஒரு போன் பண்ணிட்டு எழுதறேன் சார்."

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு மலையடிக்குப் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"அக்கா! ரெண்டாயிரத்து ஒண்ணு வந்திருக்குமே? பாத்தீங்களா? எதுக்கும் இருக்கட்டும்னு ஒண்ணு கூடவே போட்டேன்."

சந்தாக்கா நடந்ததைச் சொன்னாள்.

"நான் திருடினேன்னு சொல்றாங்களா?"

"மெஷின் அப்படிக் கண்டுபிடிக்குது தம்பி."

"மெஷின் என்னவோ சொல்லட்டும். நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

அவள் அந்தக் கடைசிப் பத்தியைப் படித்துக் காட்டினாள். அலுவலகம் சொல்லிச் செய்தார் என்று தெரிந்தால் பத்து நூலகத்தின் ஒப்பந்தமும் போய்விடும், லட்சம் மாணவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள் என்று விளக்கினாள். விளக்க விளக்க அவளுடைய குரல் தெளிவாகிக்கொண்டே வந்தது. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

"புரியுது அக்கா" என்றார். "அப்ப, நீங்க சொல்லித்தான் பண்ணினேன்னு எழுத மாட்டீங்க. இல்லையா?"

ஜன்னல் அட்டை படபடத்தது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"சரி. வெச்சுடறேன்."

லட்சம் மாணவர்கள் என்றது பொய்யில்லை. ஆனால் ஓய்வு பெற அவளுக்கு இரண்டே வருடம்தான் இருந்தது. கணவரின் மூக்குக்கண்ணாடிக் கடையில் முன்போல் ஆள் வருவதில்லை. மகளின் கடைசி அத்தியாயம் பூட்டிய கதவுக்குப் பின்னால் கிடந்தது. இதையெல்லாம் ஒரு பக்கம் வைத்து, லட்சம் மாணவர்களை இன்னொரு பக்கம் வைத்து, எது கனம் என்று நிறுத்துப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. லட்சம் மாணவர்களுக்காக என்றே வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதினாள்.

முதல் வரி தடையில்லாமல் வந்தது. உறுப்பினர் நூலகம் ஒன்றின் ஊழியர் விதிகளை அறியாமல் இந்தச் செயலில் ஈடுபட்டுள்ளார். அடுத்த வரியில் ஒரு சொல்லுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. "தன்னிச்சையாக" என்று எழுதினாள். அழித்தாள். அதை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தாள். பதிப்பகத்தின் வக்கீல் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பான், யார் சொல்லிச் செய்தார் என்று கேட்பான் என்று தோன்றியது. மறுபடியும் "தன்னிச்சையாக" என்று போட்டாள். மலையடிப் பல்கலைக்கழகத்துக்கும் நூலகருக்கும் ஒவ்வொரு பிரதி என்று அடியில் குறித்து அனுப்பினாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு வாசல் திறந்தது. மகள் போனில் "அம்மான்னா அம்மாதான்" என்றாள்.

சாயங்காலம் கடையில் கணவர் ஒரு கண்ணாடியின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சந்தாக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"நான் பண்ணினது சரிதானேங்க?"

"கடுதாசி அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

"அப்புறம் எதுக்கு எங்கிட்ட கேக்கற?" கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சரிதான்னு நான் சொல்லணும்னா சொல்றேன்."

அவள் எழுந்து வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் அழுகை வந்தது. அழுதால் தன் மேல் தனக்கே இரக்கம் வந்துவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மலையடிப் பல்கலைக்கழகம் அவரை விசாரித்தது. விசாரித்தவர்கள் பழைய கணினியைத் திறந்தார்கள், நான்காயிரத்துச் சொச்சம் கட்டுரைகளையும் பார்த்தார்கள். பார்த்ததைப் பதிப்பகத்துக்கும் எழுதிவிட்டார்கள். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை; நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குகிற ஆசை. அவரை நூலகத்திலிருந்து தூக்கித் தேர்வுப் பிரிவில் விடைத்தாள் கட்டும் வேலையில் போட்டார்கள். அந்த ஒரு நாள் எண்ணிக்கை படிப்பு ஆகாது, செல்லாது என்று பதிப்பகம் கழித்துவிட்டது. மறுபடியும் அறுநூற்றுப் பன்னிரண்டு. வருடப் பிறப்பு முடிந்த கையோடு மலையடியைக் கூட்டமைப்பிலிருந்து எடுத்தார்கள். பெரிய நூலகர் அதற்கு மூன்று நிமிடம்தான் எடுத்துக்கொண்டார்.

ஒரு வேலை மட்டும் பாக்கி இருந்தது. பதிப்பகம் கேட்டபடி, சேர்த்து வைத்த பிரதிகளைக் கூட்டமைப்பு அதிகாரி நேரில் நின்று அழிக்க வேண்டும், அழித்ததற்குப் படிவத்தில் சான்று தர வேண்டும். கூட்டமைப்பு அதிகாரி என்றால் வேறு யார்?

அவள் போய்ச் சேர்ந்தபோது பகல் பதினொரு மணி. ஹாலில் மூன்று பேர்தான் இருந்தார்கள். விடுதிக் குமாஸ்தா ஒருவர் இப்போது நூலகப் பொறுப்பு. சாவியைக் கொடுத்துவிட்டு வெயிலில் போய் நின்றுகொண்டார். தேர்வுப் பிரிவிலிருந்து மலையடிக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சட்டைக் கையில் அரக்குக் கறையோடு வந்தார்.

"வாங்க அக்கா. பஸ்ல உக்கார இடம் கெடைச்சுதா?"

"கெடைச்சுது தம்பி."

அவர் கணினியைப் போட்டார். பட்டியல் விரிந்தது. ஒரு மாணவி தயங்கித் தயங்கி அருகில் வந்தாள். மெலிந்த பெண், கையில் ஒரு பென் டிரைவ்.

"மேடம், நீங்கதான் தலைமை ஆபீஸ்ல இருந்து வந்திருக்கீங்களா? அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு பன்னெண்டு கட்டுரை மட்டும் எடுத்துக்கட்டுமா? என் ஆய்வுக்கு அது இல்லாம முடியாது மேடம்."

தன் மகள் வயதுதான் இருக்கும். சந்தாக்கா மலையடிக்காரரைப் பார்த்தாள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை தப்பா என்று அவர் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கோம்மா என்று சொல்லிவிட அவளுக்கு ஒரு நொடி போதும். படிவத்தில் பிரதி எதுவும் வெளியே போகவில்லை என்று எழுத வேண்டுமே என்ற நினைப்பு முந்திக்கொண்டது.

"முடியாதும்மா" என்றாள்.

அந்தப் பெண் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். மலையடிக்காரர் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தார். பழைய கணினி, பதினொரு நிமிடம் எடுத்துக்கொண்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவள் படிவத்தை எடுத்தாள். அழித்த பிரதிகளின் எண்ணிக்கை. அழித்த முறை. மூன்றாவதாக, இந்தச் சேமிப்பை முன்பே அறிந்திருந்தவர்கள். அதற்குக் கீழே பெயர் எழுத இரண்டு வரி. அவள் பேனா அந்த இடத்தில் நின்றது. "யாருமில்லை" என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டு, சாட்சிக் கையெழுத்துக்காக அவரிடம் தள்ளினாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து படித்தார். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லாத மனிதர்.

"அக்கா, இது தப்பா இருக்கே."

அவர் மூன்றாவது கேள்வியின் மேல் விரலை வைத்தார்.

"யாருமில்லைன்னு போட்டா நானும் இல்லைன்னு ஆயிடும். எனக்குத் தெரியும்ல? என் பேரைப் போடுங்க."

அவள் "யாருமில்லை" என்பதை அடித்துவிட்டு அவருடைய பெயரை முதல் வரியில் எழுதினாள். இரண்டாவது வரி காலியாக இருந்தது.

அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளவில்லை. பேனா மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை. அந்தப் பெண் தூரத்தில் பக்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

படிவத்தில் காலி இடம் விடக்கூடாது; பின்னால் வருகிறவன் எதையாவது எழுதிச் சேர்த்துவிடுவான். சந்தாக்கா இரண்டாவது வரியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.